மீட்டரில் 19,000 மைல், பெடலில் ஒன்றுமில்லை

ராணுவம் கழித்துவிட்ட லாரி ஒன்று ஏலத்துக்கு வருகிறது, வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். பதில் எழுத ஆரம்பித்தால் நீண்டுகொண்டே போனது, அதனால் எல்லாருக்குமாக இங்கே போடுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

நான் எடுத்தது எம்35ஏ2. அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் லாரி, மூன்று அச்சும் இழுக்கும். மீட்டரில் வெறும் 19,000 மைல். இவ்வளவு வயதான வண்டி இவ்வளவுதான் ஓடியிருக்கிறதா என்று வாயைப் பிளந்தேன், அங்கேதான் விழுந்தேன். அந்த மீட்டர் வண்டியோடு பிறந்ததா, இடையில் மாற்றியதா என்று யாருக்கும் தெரியாது. உண்மையான மீட்டராகவே இருந்தாலும், வண்டி ஓரிடத்தில் நின்றபடி மணிக்கணக்காக எஞ்சின் ஓடியது அதில் ஏறாது. பாரம் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் சேற்றில் உழன்ற ஒரு மைலும், நல்ல சாலையில் போன ஒரு மைலும் அதற்கு ஒன்றுதான்.

எஞ்சின் உடனே பிடித்தது, புகையும் அதிகமில்லை. சரி என்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாவது மாதம் ஓர் இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தேன், பெடல் நேராகத் தரையைத் தொட்டது. இரண்டாவது மிதிக்கும் அதேதான். இந்த வண்டியில் காற்றுத் தொட்டி இருப்பதால் ஏர் பிரேக் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காற்று உதவிக்கு மட்டும்தான், சக்கரத்தைப் பிடிப்பது எண்ணெய். பெடலை மிதித்தால் அந்த எண்ணெயைத் தள்ளுவது ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர், எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். காற்று போனால் பெடல் கல்லாகும், ஆனால் நிற்கும். எண்ணெய் போனால் எல்லாச் சக்கரமும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிடும். பின்னச்சில், சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் ஒரு வீல் சிலிண்டருக்குள் துரு குழி விழுந்து, ரப்பர் கிழிந்து, எண்ணெய் முழுக்க டிரம்முக்குள் கசிந்திருந்தது. வெளியே ஒரு சொட்டு தெரியவில்லை. கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒரு மண்மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்க அரைமணி நேரம் ஆனது.

——

மண்மேடு இருந்ததே, அதுவே பெரிய விஷயம். அந்தத் துரு எப்படி வந்திருக்கும் என்று சொல்கிறேன், என் வண்டியிலும் அதே கதை. இந்த லாரிகளில் பெரும்பாலும் டாட் 5 எனப்படும் சிலிகான் பிரேக் எண்ணெய்தான் இருக்கும். மற்ற வகைகள் ஈரத்தை உறிஞ்சித் தமக்குள் கரைத்துக்கொள்ளும், சிலிகான் உறிஞ்சாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே போன தண்ணீர் கரையாமல் தாழ்வான இடத்தில் தேங்கும், தாழ்வான இடம் வீல் சிலிண்டர். வருஷக்கணக்கில் மைதானத்தில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் குறைந்த எண்ணெய்க்குக் கடையில் கிடைத்த டாட் 3-ஐ ஊற்றியிருக்கிறார். இரண்டும் சேரவே சேராது. மொத்தத்தையும் கழுவி, ரப்பர் எல்லாம் மாற்றி, அப்புறம்தான் வண்டியை நகர்த்தினேன்.

——

எனக்குப் பிரேக் பிரச்சினை இல்லை, ஹப்தான். யூனிமோக் என்ற ஜெர்மன் லாரி வாங்கினேன். நாலு சக்கரத்துக்கும் தனித்தனி போர்ட்டல் ஹப், அதாவது சக்கரத்தின் நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டி, ஒவ்வொன்றிலும் தனியாக எண்ணெய். எஞ்சின் ஆயில், கியர் ஆயில் எல்லாம் பார்த்தவன் ஹப்பைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அடைப்பானைக் கழற்றினால் பால் காபி நிறத்தில் ஒழுகுகிறது! தண்ணீரில் இறக்கி ஓட்டிய வண்டி. ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வெளியே வந்ததும் ஒருவரும் எண்ணெய் மாற்றவில்லை போலிருக்கிறது. நாலில் இரண்டு ஹப்பில் பேரிங் போய்விட்டது. இப்போது யார் கூப்பிட்டாலும் ஒரு ஸ்பேனரும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். திறந்து பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அப்படியே திரும்பிவிடுவேன்.

——

டயரைப் பற்றி யாரும் பேசவில்லையே? பட்டன் அப்படியே இருக்கிறது, புது டயர் மாதிரி என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் தேதி எண் இருக்கும், 2304 என்றால் 2004-இன் 23-ஆவது வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் 2000-க்கு முந்தைய டயர். என்னுடையது அப்படித்தான் இருந்தது, சுமை ஏற்றி முதல் வெயில் நாளிலேயே வெடித்தது.

அதைவிட முக்கியம் லாக் ரிங். பழைய ரிம்களில் டயரைப் பிடித்து வைத்திருப்பது ஒரு தனி வளையம். துருப்பிடித்தோ சரியாக உட்காராமலோ இருந்து, காற்று ஏற்றும்போது தெறித்தால் எதிரில் நிற்பவர் பிழைப்பது கஷ்டம். நான் பஞ்சர் பார்க்கக் கொடுத்த இடத்தில் ஒரு பையன் அதன் மேல் குனிந்துகொண்டு காற்றுக் குழாயைச் சொருகினான். அவனை இழுத்துத் தள்ளிவிட்டு ஒரு கத்து கத்தினேன், கோபித்துக்கொண்டான். பரவாயில்லை. கழற்றும் முன் காற்றை முழுக்க இறக்கவேண்டும், ஏற்றும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் ஏற்றவேண்டும்.

——

அமெரிக்க ராணுவத்தின் ஐந்து டன் லாரி, எம்939 வரிசை பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் முழு ஏர் பிரேக், பார்க்கவும் கம்பீரம். ஆனால் காலி வண்டியில் ஈரச் சாலையில் பலமாக மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் சுற்றும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. விபத்துகள் பெருகி, 1999-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே இந்த வரிசையைப் பற்றித் தனி அறிக்கை கொடுத்தது. ராணுவமே வேகத்தை 40 மைலுக்குக் கட்டுப்படுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸைப் பொருத்த ஆரம்பித்தது. அதனால் பார்க்கும் வண்டியில் ஏபிஎஸ் பொருத்தியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எனக்கு மழையில் ஒரே ஒருமுறை சுற்றியது, எதிரே வண்டி வராததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

——

சின்ன விஷயம்தான், ஆனாலும் சொல்கிறேன். 24 வோல்ட் வண்டி, இரண்டு பேட்டரி வரிசையில். பாட்டு கேட்க ஆசைப்பட்டு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ரேடியோவுக்குக் கொடுத்தேன். அந்தப் பேட்டரி எப்போதும் குறை சார்ஜில், பக்கத்தில் உள்ளது அளவுக்கு மீறிய சார்ஜில். ஆறே மாதத்தில் இரண்டும் போச்சு.

அப்புறம் அந்தப் பச்சைப் பெயின்ட். சுரண்டித் தேய்த்துப் புதிதாக அடிக்கலாம் என்று மெஷினை எடுக்காதீர்கள். அடியில் இருக்கும் பிரைமரில் குரோமியம் இருக்கலாம், மூச்சில் போனால் ஆபத்து. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். நான் முதல் தடவை ஊதித்தான் சுத்தம் செய்தேன், மூக்கெல்லாம் கருப்பு.

——

முதலில் எழுதியவன்தான் மறுபடியும். ஹப் கதையைப் படித்துவிட்டு நேற்று என் வண்டியின் ஆறு பக்கமும் திறந்து பார்த்தேன். நாலு சுத்தம். முன்னச்சில் இடது பக்கம் லேசாகப் பால் நிறம், பின்னால் ஒன்றில் கிரீஸே இல்லை, காய்ந்த பிசின் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நாள் இதையும் சேர்த்துத்தான் ஓட்டியிருக்கிறேன்.

நண்பரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "அதெல்லாம் சரி, ஆனால் மீட்டரில் 11,000தான் இருக்கிறது" என்கிறார். சனிக்கிழமை அவரோடு நானும் போகிறேன், வண்டிக்கு அடியில் படுக்கப் பழைய சாக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.