டைரக்டரைக் கூப்பிட்ட கதைகள்

நாலாம் கை:

சென்னையில் நான் ஆடும் பிரிட்ஜ் சீட்டாட்டக் கிளப்பில் "டைரக்டர்!" (ஆட்டத்தின் நடுவர்தான்) என்று யாராவது குரல் கொடுத்தால் போதும், வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்ற மாதிரி எல்லார் முகமும் மாறிவிடும். "என்ன சார், நமக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாமே" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். டூப்ளிகேட் ஆட்டத்தில் அது சரிப்படாது. நம் போர்டில் (பங்கிட்ட சீட்டுகளை வைத்திருக்கும் தட்டு) இருக்கும் அதே சீட்டுகளை மற்ற மேஜைக்காரர்களும் ஆடுகிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண். நாம் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தால் நஷ்டம் நமக்கு மட்டும் இல்லை. மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருக்கும், அன்று நம்மோடு ஆடவே ஆடாத ஒரு ஜோடிக்கும்தான்.

சமீபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எதிரணி ஹார்ட்டின், நாங்கள் இஸ்பேட். ஏலம் (எந்த ஜாதி துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று சொல்வது) ஏறி ஏறி நான் நான்கு இஸ்பேட், அதாவது இஸ்பேட் துருப்பாகப் பத்துப் பிடி, வைத்துவிட்டேன். என் இடப்பக்கப் பெரியவர் ஏலக் கார்டுகள் இருக்கும் பிட்டிங் பாக்ஸ் பக்கம் கையைக் கொண்டுபோனார், கையை இழுத்துக்கொண்டார், மின்விசிறியைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். கடைசியில் பச்சை பாஸ் கார்டு. என் பார்ட்னரும் பாஸ். பெரியவரின் பார்ட்னர் ஒரு நொடி கூட யோசிக்காமல் ஐந்து ஹார்ட்டின் வைத்தார்.

நான் டைரக்டரைக் கூப்பிட்டேன். "நாற்பது வருஷமா ஆடறேன், என்னை ஏமாத்துக்காரன்னு சொல்றீங்களா?" என்று பெரியவர் கொதித்தார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. யோசிப்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அவர் அவ்வளவு நேரம் யோசித்ததே பார்ட்னருக்கு ஒரு செய்தி: "என்னிடம் ஏதோ இருக்கிறது." விதி 16-ன்படி அந்தச் செய்தியைப் பயன்படுத்தக் கூடாதவர் பார்ட்னர்தான்.

ஆடி முடித்தோம். ஐந்து ஹார்ட்டினை டபுள் செய்து (மதிப்பெண்ணை உயர்த்தும் சவால்) இரண்டு பிடி குறைத்ததில் எங்களுக்கு 300. நான்கு இஸ்பேட் ஆடியிருந்தால் 420. டைரக்டர் அந்தக் கையை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த போர்டை இன்னும் ஆடாத நல்ல ஆட்டக்காரர்கள் சிலரிடம் போய் ஏலத்தைச் சொல்லி "நீங்களாக இருந்தால்?" என்று கேட்டார். பெரியவர் யோசித்த விஷயத்தை அவர்களிடம் சொல்லவில்லை. எல்லோரும் பாஸ் என்றார்கள். முடிவு 420 என்று மாற்றப்பட்டது. பெரியவர் அடுத்த மேஜைக்குப் போகும்போது என்னிடம் பேசவில்லை. அடுத்த வாரம் பேசினார்.

உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

இஸ்பேட் ராணி:

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி பிரிட்ஜில் தங்கம் வாங்கிய செய்தியைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தேன். ஒருவருக்கு 60 வயது, இன்னொருவருக்கு 56. அப்படியானால் எனக்கும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் கதை முறை தவறி இறக்கிய சீட்டு. மூன்று நோ டிரம்ப், அதாவது துருப்பே இல்லாமல் ஒன்பது பிடி, நான் ஆட வேண்டும். முதல் சீட்டு என் இடப்பக்கத்து அம்மாவிடமிருந்து வர வேண்டும். வலப்பக்கம் இருந்தவர், அந்த அம்மாவின் தம்பி என்று நினைக்கிறேன், ஹார்ட்டின் ராஜாவைப் பளிச்சென்று திறந்து வைத்துவிட்டார். என் பார்ட்னர் "பரவாயில்ல தம்பி, எடுத்து வச்சுக்கோங்க" என்றார். நல்ல மனிதர், ஆனால் அப்படிச் சொல்லும் அதிகாரம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. தண்டனை வேண்டாம் என்று டைரக்டரிடம் கேட்கலாம், அவ்வளவுதான்.

டைரக்டர் புத்தகத்தை விரித்து என் முன்னால் ஐந்து வழிகளை வரிசையாகச் சொன்னார். அந்தச் சீட்டை ஏற்றுக்கொண்டு நான் என் கையை மேஜையில் விரித்து டம்மி ஆகி, பார்ட்னரை ஆட விட்டுவிடலாம். ஏற்றுக்கொண்டு நானே ஆடலாம். அந்த அம்மாவை ஹார்ட்டின்தான் இறக்கச் சொல்லலாம். ஹார்ட்டினே இறக்கக் கூடாது என்றும் சொல்லலாம். இல்லையென்றால் ராஜா மேஜையிலேயே, முதல் வாய்ப்பில் போட்டாக வேண்டிய தண்டனைச் சீட்டாகக் கிடக்கட்டும், அந்த அம்மா விரும்பியதை இறக்கட்டும். என்னிடம் ஹார்ட்டின் பலவீனம். நான்காவதைத் தேர்ந்தெடுத்தேன். ராஜா கைக்குத் திரும்பியது, கிளாவர் வந்தது, ஒன்பது பிடி எனக்கு. "புதுசா வந்தவங்கிட்ட இவ்வளவு கறாரா?" என்று அந்த அம்மாவுக்கு வருத்தம்.

முதல் சீட்டைக் கவிழ்த்து வைத்து "கேள்வி ஏதாவது உண்டா?" என்று கேட்கும் வழக்கம் ஏன் வந்தது என்று அன்றைக்குப் புரிந்தது. கவிழ்ந்து கிடக்கும் சீட்டை டைரக்டர் சொன்னால் அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் எந்தச் செய்தியும் போவதில்லை. அந்தத் தம்பி இப்போது கவிழ்த்துத்தான் வைக்கிறார்.

டம்மி மட்டும்:

என் பார்ட்னருக்கு எப்போதும் நல்ல சீட்டு, நான் எப்போதும் டம்மி. அதனால் டம்மியின் வேதனையை நான்தான் சொல்ல வேண்டும்.

நான்கு ஹார்ட்டின் ஆட்டம். ஐந்தாவது பிடியில் டைமன் கேட்டபோது வலப்பக்கத்துக்காரர் துருப்பு போட்டு வெட்டினார். எட்டாவது பிடியில் அதே மனிதர் கையிலிருந்து சின்ன டைமன் ஒன்று வந்து விழுந்தது. கையில் டைமன் இருந்தும் முன்பு வெட்டியிருக்கிறார், அதாவது ரிவோக்! என் பார்ட்னர் கவனிக்கவில்லை. நானோ வாயைத் திறக்கக் கூடாது. ஆட்டம் முடியும்வரை யாருடைய தவறையும் டம்மி சுட்டிக்காட்டக் கூடாது. தன் பார்ட்னர் ஒரு ஜாதியைப் போடாதபோது "டைமன் இல்லையா பார்ட்னர்?" என்று கேட்க மட்டும் டம்மிக்கு அனுமதி உண்டு. எதிரணியைக் கேட்க முடியாது. தண்ணீர் குடித்தேன், இருமினேன் (இருமலும் கூடாதுதான்), பதின்மூன்றாவது பிடி விழுந்ததும் டைரக்டரைக் கூப்பிட்டேன்.

அந்த மனிதர் சொன்னது "அப்படியா? ஞாபகம் இல்லையே." காப்பாற்றியது அவருடைய சீட்டு அடுக்கும் பழக்கம்தான். ஜெயித்த பிடியை நீளவாக்கில், தோற்ற பிடியைக் குறுக்கே, ஆடிய வரிசை மாறாமல் அவர் தன் முன்னால் அடுக்கியிருந்தார். டைரக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஐந்தாவது சீட்டு துருப்பு, எட்டாவது டைமன். ரிவோக் செய்த பிடியை அவரே ஜெயித்திருந்தார், அதற்குப் பிறகும் அவர்கள் பக்கம் ஒரு பிடி போயிருந்தது. அதனால் இரண்டு பிடி எங்களுக்கு மாறியது. ஒன்பது பதினொன்று ஆயிற்று. 50 கொடுக்க வேண்டிய இடத்தில் 450 வாங்கினோம். ஆட்டம் முடிந்ததும் சீட்டைச் சடாரென்று கலைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

இன்னொன்று. பார்ட்னர் சலிப்பில் "ஏதாவது போடு" என்று டம்மியிடம் சொல்லிவிட்டால், டம்மியிலிருந்து எந்தச் சீட்டு விழ வேண்டும் என்று எதிரணி சொல்லலாம். எங்கள் மேஜையில் ஒருவர் சிரித்துக்கொண்டே ஏஸைக் காட்டினார். என் பார்ட்னர் அதற்கப்புறம் சீட்டின் பெயரை முழுசாகச் சொல்கிறார்.

யாழ் 304:

நான் இங்கிலாந்தில், ஊர் மண்டபத்தில் நடக்கிற சின்னக் கிளப்பில் ஆடுகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கட வீட்டில் முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம்தான். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10 என்று கணக்கு. எதிரில் இருக்கும் மாமா தலையைச் சொறிந்தால் ஒரு அர்த்தம், தொண்டையைச் செருமினால் இன்னொன்று. அதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி ஆட்டம். அந்தப் பழக்கத்தோடு பிரிட்ஜ் மேஜைக்கு வருவது லேசில்லை.

இங்கே ஒருவர் ஏலத்தில் ஒரு படி தாண்டிக் கேட்டால் முதலில் சிவப்பு ஸ்டாப் கார்டை வைப்பார். அடுத்தவர் சுமார் பத்து விநாடி பொறுக்க வேண்டும். ஒன்றுமே இல்லாத கை என்றாலும் யோசிப்பது போலச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லோரும் பொறுத்தால் யாருக்கு உண்மையில் யோசனை என்று தெரியாது. நாலாம் கை அண்ணை சொன்ன பிரச்சினைக்கு இது பாதி மருந்து.

டம்மி கீழே வந்ததும் எல்லோரும் "நன்றி பார்ட்னர்" என்பார்கள். மூன்று புள்ளி மட்டும் இருக்கிற மோசமான கையை விரித்தாலும் அதே நன்றி, அதே குரல். ஒரு கணவன் மனைவி ஜோடி இருக்கிறார்கள். மேஜையில் அவ்வளவு மரியாதை. கார் நிறுத்துமிடத்தில் கேட்டால்தான் உண்மையான விமர்சனம் தெரியும்.

ரயில் ரப்பர்:

எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் மின்சார ரயிலில் மடியில் செய்தித்தாளை விரித்து ரப்பர் பிரிட்ஜ் ஆடினோம். டைரக்டரும் இல்லை, பிட்டிங் பாக்ஸும் இல்லை. இப்போது கிளப்புக்குப் போனால் சட்டக் கல்லூரிக்குப் போன மாதிரி இருக்கிறது. புதியவர்கள் வராததற்கு இதுவும் காரணம்.

நாலாம் கை:

ரயில் ரப்பர் சார், ரயிலில் நாலு பேரும் நண்பர்கள், சீட்டைக் கலைத்துப் போட்டு ஆடுகிறீர்கள், வேறு யாரோடும் ஒப்பீடு இல்லை. அங்கே எனக்கும் டைரக்டர் வேண்டாம். ஆனால் புதியவர்களைத் துரத்துவது விதி என்று எனக்குத் தோன்றவில்லை. ஆட்டம் முடிந்ததும் பார்ட்னரைப் பத்துப் பேர் முன்னால் "ஏன் கிளாவர் இறக்கல?" என்று வறுப்பதுதான் துரத்துகிறது. அதுவும் விதிமீறல்தான். மரியாதையாக நடக்க வேண்டும், தேவையில்லாத கருத்துச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் விதி 74-ல் இருக்கிறது. அதற்கு மட்டும் யாரும் டைரக்டரைக் கூப்பிடுவதில்லை.

பி.பி.ஓ. வாசி:

கொரோனா காலத்தில் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் (பி.பி.ஓ.) இணையதளத்துக்குப் போனவன், அங்கேயே தங்கிவிட்டேன். முறை தவறி இறக்க முடியாது, ரிவோக் செய்யவே முடியாது, கணினி விடாது. என் ஏலத்துக்கு நானே அலர்ட் (இதற்குத் தனி அர்த்தம் உண்டு என்ற அறிவிப்பு) போட்டு விளக்கம் எழுதுகிறேன், அது பார்ட்னருக்குத் தெரியாது. நேரில் ஆடுபவர்கள் 1975 பெர்முடா பௌல் கதையைத் தேடிப் பாருங்கள். பார்ட்னர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி மேஜை நடுவே திரை போட்ட முதல் உலகப் போட்டி அது. அதிலேயே இத்தாலிய ஜோடி ஒன்று மேஜைக்கு அடியில் காலால் தட்டியது என்று புகார் வந்தது.

இஸ்பேட் ராணி:

ஒரு சந்தேகம். நேற்று எதிரணி ஆட்டக்காரர் கடைசி நாலு சீட்டைக் காட்டி "மீதி எல்லாம் எனக்கு" என்றார். என்னிடம் ஒரு சின்னத் துருப்பு இருந்தது, அவர் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. நான் கேட்டதும் "அதை எடுத்திருப்பேன்மா" என்றார். விட்டுவிட்டேன். சரிதானா?

டம்மி மட்டும்:

விட்டிருக்கக் கூடாது. "மீதி எல்லாம் எனக்கு" என்று கிளெய்ம் செய்யும்போது வெளியே உள்ள துருப்பைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அது இருப்பதையே மறந்திருக்க வாய்ப்பு உண்டு, சாதாரணமாக ஆடினால் உங்கள் துருப்பு ஒரு பிடி ஜெயித்திருக்கலாம் என்று டைரக்டர் கருதினால் அந்தப் பிடி உங்களுடையது. கேட்ட பிறகு சொல்லும் விளக்கத்துக்கு மதிப்புக் குறைவு. அடுத்த முறை சீட்டைக் கீழே வைக்காமல் கையில் வைத்துக்கொண்டே டைரக்டரைக் கூப்பிடுங்கள்.