மறு: குஞ்சிலேயே சேவலா பெட்டையா என்று தெரியும் கோழியினத்துக்குக் கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்,

> 'ஆட்டோசெக்ஸிங்' என்பதற்குத் 'தானியங்கிப் பாலறிதல்' என்று வைத்துக்கொள்ளலாமே. தானியங்கி எல்லோருக்கும் பழகிய சொல்.

பழகிய சொல்தான். ஆனால் இங்கே எது தானாக இயங்குகிறது? குஞ்சு சும்மா நிற்கிறது, பார்க்கிற கண்தான் வேலை செய்கிறது. விவாதத்தைத் தொடங்கியவர் கேட்டது டொமினிக் என்ற, தூவலில் வரியுள்ள அமெரிக்கக் கோழி இனத்தைப் பற்றி என்பதால், அந்தக் குஞ்சில் எதைப் பார்க்கிறோம் என்பதை முதலில் பேசிவிடுவோம். அப்புறம் சொல்லுக்கு வரலாம்.

டொமினிக் குஞ்சு பொரித்து ஈரம் காய்ந்ததும் உடம்பு கறுப்பாகவும் உச்சந்தலையில் ஒரு வெளிர் பொட்டுடனும் இருக்கும். பெட்டைக்குப் பொட்டு சிறியது, ஓரம் தெளிவானது. சேவலுக்குப் பெரியது, ஓரம் கலைந்து பரவியிருக்கும். பொட்டை மட்டும் நம்பினால் இடைநிலையில் உள்ள சில குஞ்சுகள் குழப்பும். எனவே காலையும் பார்க்க வேண்டும். பெட்டையின் காலில் முன்பக்கம் கருமை படிந்திருக்கும், விரல்களில் அந்தக் கருமை சட்டென்று நின்று மஞ்சள் தொடங்கும். சேவலின் கால் மொத்தமாகவே வெளிர். கருமை இருந்தாலும் கோடு போட்டது போல் நிற்காமல் மெல்ல மங்கிப்போகும். இதையெல்லாம் பொரித்த ஓரிரு நாளுக்குள், ஒரே அடையில் வந்த குஞ்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. தனியாக ஒரு குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு 'இது பெரிய பொட்டா, சின்னப் பொட்டா' என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

காரணம் மரபணுவில் இருக்கிறது. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தூவலில் வரி போடும் மரபணு இசட்டில் இருக்கிறது, கருநிறமியை அடக்குவது அதன் வேலை. தூய டொமினிக்கில் சேவலுக்கு அது இரட்டைப் பங்கு, பெட்டைக்கு ஒற்றைப் பங்கு. பொட்டு பெரிதாவதும் கால் வெளிறுவதும் அதனால்தான். வளர்ந்த பிறகும் சேவல் சாம்பல் பூத்து வெளிறியும், பெட்டை கறுப்பு தூக்கலாகவும் தெரிவது இதே கணக்கு.

ஆக, நிறம் பாலைக் காட்டுகிறது. திசைகாட்டி, நாட்காட்டி வரிசையில் 'பால்காட்டி' என்பதுதான் என் முன்மொழிவு. 'பால்காட்டி இனம்', 'பால்காட்டி நிறம்' என்று அடையாகவும் வசதியாக நிற்கிறது.

> பால்காட்டி என்றால் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவி என்று நினைப்பார்கள்.

அதற்குத்தான் பால்மானி இருக்கிறதே. தவிர, கோழியைப் பற்றிப் பேசும் இடத்தில் யாருக்குக் கறக்கிற பால் நினைவுக்கு வரப்போகிறது? ஆண்பால், பெண்பால் என்று பள்ளியிலேயே படித்தவர்கள்தானே நாம். 'பாலினங்காட்டி' என்று நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

> 'பாற்குறி இனம்' இன்னும் செறிவாக இருக்கிறதே?

செறிவு இருக்கிறது, ஆனால் அந்தச் சொல் வேறொரு முறைக்குப் போக வேண்டியது. குஞ்சின் கழிவுத்துளையை மெல்லப் பிதுக்கி உள்ளே இருக்கும் சிறு மொட்டைப் பார்த்துப் பிரிப்பது ஜப்பானில் வளர்ந்த முறை, 1930-களில் அங்கிருந்து மற்ற நாடுகளுக்குப் பரவியது. அங்கே பார்ப்பது உண்மையிலேயே குறியைத்தான். டொமினிக்கில் குஞ்சைப் பிதுக்கவே தேவையில்லை என்பதுதானே விஷயம். பழகாத கை அதைச் செய்தால் குஞ்சு செத்தும் போகலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடக் கூடாது.

இன்னொரு பிரிவையும் இப்போதே பிரித்துவிட வேண்டும். முந்தைய மடல்களில் 'செக்ஸ்-லிங்க்' கோழியையும் இதோடு சேர்த்தே பேசியிருக்கிறார்கள். அது வேறு. வரியில்லாத கறுப்பு அல்லது சிவப்புச் சேவலை டொமினிக் பெட்டையோடு சேர்த்தால், வரி மரபணு உள்ள தாயின் ஒரே இசட் மகன்களுக்கு மட்டும் போகும். எனவே சேவல் குஞ்சுக்குப் பொட்டு உண்டு, பெட்டைக் குஞ்சுக்குப் பொட்டே கிடையாது. பார்க்க எளிது, ஆனால் ஒரு தலைமுறையோடு சரி. அந்தக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தால் இந்த வித்தியாசம் கலைந்துவிடும். சேவலை டொமினிக்காகவும் பெட்டையை வரியில்லாததாகவும் மாற்றிப் போட்டால் முதல் தலைமுறையிலேயே பயனில்லை, எல்லாக் குஞ்சுக்கும் ஒரே பங்குதான் கிடைக்கும். இதைப் 'பால்சார் கலப்பு' என்போம். தூய இனத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது மட்டும் பால்காட்டி.

நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் டொமினிக்கை முழுப் பால்காட்டி இனம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் பன்னெட், பீஸ் என்ற மரபியலாளர்கள் வரியுள்ள பிளிமத் ராக் கோழியை கோல்டன் கேம்பைன் கோழியோடு கலந்து உருவாக்கிய கேம்பார், பின்னால் வந்த லெக்பார் போன்றவற்றில் குஞ்சின் முதுகு நிறமே இரண்டாகப் பிரிந்து தெரியும். டொமினிக்கின் கறுப்பு அடிநிறத்தில் அவ்வளவு தெளிவு கிடைக்காது. டொமினிக்கைக் 'குறைப் பால்காட்டி' என்று எழுதலாம், எனக்கு மறுப்பில்லை.

> 'குக்கூ' வரியைக் 'குயில்வரி' என்றால் என்ன?

வேண்டாம். டொமினிக் போன்ற கோழிகளின் தூவல் வரியை ஆங்கிலத்தில் 'குக்கூ' என்பார்கள். ஆனால் குயில் என்றதும் நம் மனதில் வருவது கறுப்புப் பறவை, வரி எங்கே வருகிறது? டொமினிக்கின் வரி பிளிமத் ராக்கில் போல நேர்கோடாக இல்லாமல் கொஞ்சம் வளைந்து கலைந்து நிற்கும். அமெரிக்காவில் இந்த நிறத்துக்குப் பருந்து நிறம் என்றும் ஒரு வழக்கு உண்டு. நம்மிடம் மார்பில் வரியுள்ள வல்லூறு இருக்கிறது. 'வல்லூற்றுவரி' எனலாம், பிளிமத் ராக்குக்கு 'நேர்வரி'. இந்த வேறுபாடு அற்பமானதல்ல. இரண்டு இனங்களும் ஒரு காலத்தில் கலந்தே கிடந்தன. ரோஜாக் கொண்டை உள்ளதுதான் டொமினிக் என்று 1870-களில் வரையறுத்த பிறகே பிரிந்தன, 1874-இல் கோழி இனங்களை வரையறுக்கும் அமெரிக்கத் தர நூலில் டொமினிக் இடம்பெற்றது.

கடைசியாக, இளம் பெட்டையைக் குறிக்கும் 'புல்லட்' (pullet) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒருவர் 'அளகு' என்று எழுதியிருந்தார். அழகான பழஞ்சொல், ஆனால் அது பெட்டைக்கோழிக்குப் பொதுப்பெயர், வயதைச் சொல்லாது. இன்னும் முட்டையிடாத பெட்டைக்குப் பேச்சில் 'வெடை' இருக்க அங்கே ஏன் போக வேண்டும்? ஒரே ஒரு சிக்கல். வெடை முதல் முட்டை இட்டதும் வெடை அல்ல. அமெரிக்கக் கண்காட்சி விதியிலோ ஓராண்டு நிரம்பாத பெட்டை எல்லாம் புல்லட், முட்டையிட்டிருந்தாலும் சரி. அந்த வகுப்புக்கு மட்டும் 'ஓராண்டுப் பெட்டை' என்று தனியாக எழுதலாமா? ஆண் பக்கத்தில் 'இளஞ்சேவல்' போதும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் சொல்லுங்கள், பட்டியலில் ஏற்றுவதற்குள்.