‘லீட்’டா, ‘லெட்’டா: ஈரொலிச் சொல் எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

எழுத்து ஒன்றாகவும் உச்சரிப்பு இரண்டாகவும் வரும் ஆங்கிலச் சொற்களை ‘மயங்கொலிச் சொல்’ என்றே சொல்லலாம் என்று இந்தக் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது பொருந்தவில்லை.

பெரம்பூரில் மாலை நேரத்தில் என்னிடம் பாடம் படிக்க வரும் ஏழாம் வகுப்புப் பெண், எல்-ஈ-ஏ-டி என்பதை நேற்று ‘லீட்’ என்று வாசித்தாள். பாடத்தில் இருந்ததோ ஈயக்குழாய். ‘லெட்’ என்று வரவேண்டும். அவள் மயங்கவில்லை. ‘லீட் என்றால் வழிநடத்து’ என்று போன வாரம் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அடுத்த சொல் ‘பைப்’ என்று பார்த்த பிறகுதான் எந்த ஒலி என்று யாருக்குமே தெரியும்.

மயங்கொலி வேறு. ‘விழி’, ‘விளி’ இரண்டுக்கும் எழுத்தும் வேறு, ஒலியும் வேறு. சென்னையில் பலர் நாக்கில் அவை ஒன்றாகிவிடுகின்றன, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் வலது என்னும் ‘ரைட்’டும் எழுது என்னும் ‘ரைட்’டும் அப்படியல்ல, இன்று ஒலியில் இம்மியும் வேறுபாடு இல்லை. எழுதும் ரைட்டின் முன்னால் நிற்கும் டபிள்யூவை ஒரு காலத்தில் உச்சரித்தார்கள். 1476இல் கேக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்தார். அப்புறம் எழுத்து மெல்ல இறுகிப்போனது, பேச்சு மட்டும் மாறிக்கொண்டே வந்தது. இந்த வகைக்கு ‘ஓரொலிச் சொற்கள்’ சரியாக இருக்கும்.

லீட்–லெட் வகைக்கு ‘ஈரொலிச் சொல்’ என்று முன்வைக்கிறேன். ‘ஒப்பெழுத்துச் சொல்’ என்றால் நம் ‘ஆறு’ம் உள்ளே வந்துவிடும். நதியானாலும் எண்ணானாலும் அதற்கு ஒலி ஒன்றுதானே.

தமிழுக்கே இந்தச் சொல் வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். பாட்டி சொல்லும் கதை, பீமன் தோளில் சுமக்கும் கதை: எழுத்து ஒன்று, முதல் ஒலி வேறு. மார்கழிக் கச்சேரி விமர்சனம் ஒன்றைக் கைப்பேசி எனக்கு வாசித்துக் காட்டியது. ‘பாவம் ததும்பப் பாடினார்’ என்ற இடத்தில், உணர்ச்சி என்கிற பாவத்துக்குப் பதில் ஐயோ பாவம் என்கிற பாவம்தான் கேட்டது. கண் தெரியாதவர்கள் நாள் முழுதும் இந்தக் குரலைத்தான் நம்பியிருக்கிறார்கள். குறையைச் சரிசெய்யச் சொல்வதற்காவது அதற்கு ஒரு பெயர் வேண்டாமா?

மூன்று ஒலி வந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். ‘பல்லொலி’ என்றால் பல் கடிக்கும் ஓசைதான் நினைவுக்கு வருகிறது, அது வேண்டாம். வேறு நல்ல சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கும் தாளில் தலைப்பாகப் போடவேண்டும்.