கார்ட்டூன் இல்லாத நல்ல க்ராஸ்ஓவர் எபிசோட் எது?

மூணு வாரமா தேடி மாட்டிக்கிட்டேன். சம்பந்தமே இல்லாத ரெண்டு ஷோ ஒண்ணா சேர்ந்தும் நல்லா வந்த எபிசோட் வேணும். எங்க தேடினாலும் ஒரே டீம் எடுத்த போலீஸ் ஷோக்கள்தான் வருது, அது எனக்கு வேண்டாம்.

பாத்தது: அமானுஷ்ய கேஸ்கள விசாரிக்கிற எக்ஸ் ஃபைல்ஸ் 7வது சீசன்ல, நிஜ போலீஸ் பின்னாடியே போற காப்ஸ் ரியாலிட்டி ஷோ மாதிரியே கேமராவ தோள்ல வச்சு ஓடுற எக்ஸ்-காப்ஸ் (2000), சூப்பர்நேச்சுரல் ஷோல பேய் வேட்டையாடுற அண்ணன் தம்பி ஸ்கூபி டூ கார்ட்டூனுக்குள்ளயே போற ஸ்கூபிநேச்சுரல் (2018), அதுல பேய் நிஜம்னு தெரிஞ்சதும் ஸ்கூபி கும்பல் உடைஞ்சு போற இடம் அவ்ளோ அழகு, சிரிச்சுக்கிட்டே மனசு கனத்துடுச்சு. அப்புறம் ஸ்டார் ட்ரெக் ஷோவான ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்ல, லோயர் டெக்ஸ்ங்கற ஸ்டார் ட்ரெக் கார்ட்டூனோட குரல் நடிகர்களே நேர்ல வந்தது (2023). எலும்ப வச்சு கொலைய துப்பறியுற போன்ஸும், பேய்க்கதை ஷோவான ஸ்லீப்பி ஹாலோவும் சேர்ந்தது (2015) ஒட்டவே இல்ல.

கார்ட்டூனே இல்லாம, ரெண்டு பக்கமும் நிஜ நடிகர்களோட, எக்ஸ்-காப்ஸ் அளவுக்கு வேற எது இருக்கு?