ஏற்றத்தில் இழுவை போகிறது, நிறுத்தி எடுத்தால் திரும்ப வருகிறது: பழைய டீசல் ஜீப்பில் எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

குலசேகரம்_ஜீப்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா காலத்து டீசல் ஜீப் ஒன்று இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ், 2.5 லிட்டர் டர்போ என்ஜின், கம்ப்யூட்டர் சென்சார் எதுவும் கிடையாது, டீசலை அழுத்தி என்ஜினுக்கு அனுப்புவது மெக்கானிக்கல் ரோட்டரி பம்ப். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (உறைந்த ரப்பர் பால்) ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டம் போவது, மழைக்காலத்தில் மேல் தோட்டத்துக்கு ஏறுவது, இதுதான் அதன் வேலை.

பிரச்சினை இதுதான். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது, அரை மணி நேரம் அருமையாக ஓடுகிறது. அப்புறம் பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு ரோட்டில் ஏறும்போது யாரோ பின்னால் பிடித்து இழுப்பது மாதிரி மெல்ல மெல்ல வலுவிழக்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் இரண்டாவது கியரில் கூட நகர யோசிக்கிறது, ஆனால் என்ஜின் ஆஃப் ஆவதில்லை. ஓரமாக நிறுத்தி ஐந்து பத்து நிமிடம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும், கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதே கதை. நேர் ரோட்டில் எப்போதாவதுதான் வரும், வராமல் போகும் நாளும் உண்டு.

டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டும் புதுசு போட்டாச்சு. டெம்பரேச்சர் ஏறவில்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் அந்தப் பம்பையும், டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் இறக்கி கேலிபிரேஷனுக்குக் (அளவு சரிபார்க்க) கொடுக்கச் சொல்கிறார்கள். சொல்லும் தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

டீசல்_அண்ணாச்சி:

தம்பி, பம்பில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். முதலில் ஒரு விஷயம் சொல்லுங்கள். இழுவை போகும் நேரத்தில் சைலன்சரில் என்ன புகை வருகிறது? பின்னால் ஒருவரை பைக்கில் வரச்சொல்லிப் பாருங்கள், கண்ணாடியில் பார்த்தால் சரியாகத் தெரியாது. கரும்புகை தள்ளினால் டீசல் போகிறது, காற்று போதவில்லை என்று அர்த்தம்: டர்போ ஹோஸ் விரிந்திருக்கலாம், கிளாம்ப் கழன்றிருக்கலாம், உள்பக்க ரப்பர் உரிந்து அடைத்திருக்கலாம். புகையே இல்லாமல் வலு மட்டும் போனால் என்ஜினுக்கு டீசலே போதவில்லை. இந்த ஒன்றைப் பார்த்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். இதைக் கேட்காமல் பம்பை இறக்கச் சொல்கிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். ஆர்.பி.எம். ஏறுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப். நிறுத்தியதும் நான்கு வீல் டிரம்மிலும் சூடு பாருங்கள், கையை ஒட்ட வைக்காமல் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும். ஒரு வீல் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு இருக்கிறது. தார் ரோட்டில் ஃபோர் வீல் லீவர் விழுந்தபடியே ஓட்டினாலும் வண்டி இழுத்துப் பிடிக்கும், ஆனால் அது வளைவில் டயர் முனகுவதிலேயே தெரிந்துவிடும்.

முப்பந்தல்_காத்து:

நேர் ரோட்டில் எப்போதாவது வரும் என்கிறீர்களே, அது எந்த ரோடு? ஆரல்வாய்மொழி பக்கம் என்றால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள் மக்கா. ஆனி ஆடியில் அங்கே அடிக்கும் காத்துக்கு எதிராக, முன்பக்கம் கதவு மாதிரி தட்டையாக இருக்கும் வண்டியை ஓட்டினால் புது வண்டிக்கே இழுவை குறையும். கரண்ட் எடுக்கும் காத்தாடி எல்லாம் சும்மாவா அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள்?

ஸ்பானர்_மக்கா:

என்னைக் கேட்டால் பம்பையும் சும்மா விடமுடியாது. ரோட்டரி பம்ப் உள்ளே தேய்ந்துவிட்டால், சூடு ஏறியதும் டீசல் இளகி உள்ளுக்குள்ளேயே கசிந்து பிரஷர் குறையும். சூட்டில் வலு போவதற்கு அதுவும் ஒரு காரணம். டீசலை நிறுத்தி என்ஜினை ஆஃப் செய்யும் ஸ்டாப் சோலினாய்டின் ஒயர் லூஸாக இருந்தாலும் பிரச்சினை வரும்.

டீசல்_அண்ணாச்சி:

ஸ்பானர் சொல்வது சரிதான், தேய்ந்த பம்ப் அப்படித்தான் செய்யும். ஆனால் அப்படி இருந்தால் சூடான என்ஜினை ஆஃப் செய்து உடனே ஸ்டார்ட் செய்யும்போது செல்ஃப் ரொம்ப நேரம் சுற்ற வேண்டியிருக்கும். ஐந்து நிமிடத்தில் அந்த பம்ப் ஆறவும் ஆறாது. சோலினாய்டு ஒயர் என்றால் வெடுக்கென்று கட் ஆகி வெடுக்கென்று பிடிக்கும், இப்படி மெல்ல மெல்லச் சாகாது.

சும்மா நிறுத்தினாலே சரியாகிறது என்றால் எனக்கு சந்தேகம் டேங்க் பக்கம்தான். டேங்கில் இருந்து டீசல் வெளியே போகும்போது அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். மூடியில் உள்ள துளையோ வென்ட் பைப்போ சேறு அடைத்துக் கிடந்தால் உள்ளே வெற்றிடமாகி டீசல் வராது, நிறுத்தி வைத்தால் மெதுவாகக் காற்று புகுந்து சரியாகும். இன்னொன்று, டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் நுனியில் இருக்கும் சல்லடை. ஓடும்போது அடியில் கிடக்கும் அழுக்கு எல்லாம் உறிஞ்சப்பட்டு அதில் போய் ஒட்டும், என்ஜினை நிறுத்தியதும் உறிஞ்சல் நின்று உதிர்ந்துவிடும். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிரித்துப் பார்க்க வழி: இழுவை போனதும் என்ஜினை ஆஃப் செய்யாமல், ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு டேங்க் மூடியைத் திறங்கள். புஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அப்படியே ஓட்டிப் பார்த்ததும் இழுத்தால் வென்ட். மூடி திறந்தும் மாற்றம் இல்லை என்றால் சல்லடை, இல்லாவிட்டால் லைனில் ஏர் எடுக்கிறது.

ஏர் எடுப்பதைக் கண்டுபிடிக்கத்தான் பலர் திணறுகிறார்கள். டேங்கில் இருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் வரை இருப்பது உறிஞ்சும் லைன். அதில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கீழே ஈரம் இல்லை, லீக் இல்லை என்று நம்பிவிடுவார்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி தெரியும் டீசல் ஹோஸ் ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். என்ஜினை ரேஸ் செய்யும்போது குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் அங்கேதான் விஷயம். ஹோஸ் வெடிப்பு, கிளிப், பேஞ்சோ போல்ட்டின் (உள்ளே டீசல் போகும் துளையுள்ள போல்ட்) செப்பு வாஷர், ஹேண்ட் பிரைமர் (கையால் டீசல் அடிக்கும் பம்ப்) எல்லாம் வரிசையாகப் பார்க்க வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் மேலான சோதனை கேன் சோதனை. சுத்தமான கேனில் டீசல் எடுத்து, நல்ல ஹோஸ் வழியாக நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள், டேங்கையும் பழைய லைனையும் சேர்க்கவே வேண்டாம். சைலன்சர், டர்போ பக்கம் போகாமல், சாயாமல் இறுக்கிக் கட்டுங்கள். மிஞ்சித் திரும்பும் ரிட்டர்ன் டீசல் டேங்குக்கே போகட்டும், ஆனால் கேன் சீக்கிரம் காலியாகும், பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஏற்றத்தில் லோடோடு ஏறுங்கள். இழுத்தால் பம்பும் நாசிலும் குற்றமற்றவை. இழுக்கவில்லை என்றால் அப்புறம் பம்புக்காரரிடம் போகலாம், நானே சொல்கிறேன்.

குலசேகரம்_ஜீப்:

அண்ணாச்சி, தம்பியை பைக்கில் பின்னால் வரச்சொல்லிப் பார்த்தேன், புகை கொஞ்சமும் இல்லை. மூடியைத் திறந்தும் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் கேன் கட்டி ஏறினேன், கோதையாறு பவர் ஹவுஸ் வரை ஒரு இடத்திலும் சுணங்கவில்லை.

நேற்று டேங்கை இறக்கினோம். சல்லடை மேல் கறுப்பாக வழவழவென்று ஏதோ பாலாடை மாதிரி, விரலால் தொட்டால் நூலாக வருகிறது. அடியில் துருத் தகடும் கொஞ்சம் தண்ணீரும். டீசலில் இப்படி எப்படி வரும்? கலப்படமா?

டீசல்_அண்ணாச்சி:

கலப்படம் என்று உடனே பங்க்காரரைத் திட்ட வேண்டாம். டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளரும், நீங்கள் பார்த்தது அதுதான். நம்ம குமரி மாவட்டத்தில் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும், காற்றில் ஈரம் குறைவதே இல்லை. பாதி டேங்க் காலியாக வண்டியை நாள் கணக்கில் ஷெட்டில் போட்டால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து தகடில் நீராகப் படியும். ஓடாத வண்டி என்றால் டேங்க் நிரப்பி நிறுத்துவது நல்லது. ஃபில்டருக்கு அடியில் இருக்கும் டிரெயின் திருகை மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து தண்ணீரை விடுங்கள்.

ஸ்பானர்_மக்கா:

தொந்தரவு கொடுக்கும் அந்தச் சல்லடையை வெட்டி வீசிவிட்டால் போச்சு. நான் பல வண்டியில் அப்படித்தான் செய்திருக்கிறேன், ஃபில்டர்தான் இருக்கிறதே.

டீசல்_அண்ணாச்சி:

துருப்பிடித்த டேங்கில் அதைச் செய்யக்கூடாது ஸ்பானர். துருத் தகடு குழாயில் சிக்கினால் வழியில் நிறுத்தி லைனைக் கழற்ற வேண்டியிருக்கும். கழுவி அதையே போடட்டும், கிழிந்திருந்தால் புதுசு.

தம்பி, டேங்கை நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகும் துரு கொஞ்ச நாளுக்கு உதிரும், அதனால் ஃபில்டர் வழக்கத்தை விட சீக்கிரம் அடைக்கும். ஒரு ஃபில்டரும் அதைக் கழற்ற ஸ்பானரும் வண்டியிலேயே கிடக்கட்டும். டேங்கில் ஓட்டை தெரிந்தால் வெல்டிங்குக்கு அப்படியே கொடுத்துவிடாதீர்கள், காலி டேங்கில் நிற்கும் டீசல் ஆவி வெல்டிங் சூட்டில் வெடிக்கும். திரும்பப் பூட்டும்போது பேஞ்சோ போல்ட்டுக்குப் புது செப்பு வாஷர் போடுங்கள், பழையதை மறுபடியும் நசுக்கினால் அங்கே ஏர் எடுக்க ஆரம்பிக்கும். டேங்க் வெளியே இருக்கும்போதே மேல்பக்க ரப்பர் ஹோஸையும் மாற்றிவிடுங்கள், மாட்டிய பிறகு அங்கே கை போகாது.