மழையில் உள்ளே வைத்த ஸ்நேக் பிளான்ட் அடியில் அழுகுகிறது: என்ன செய்யலாம்?

எஸ்டேட்காரி, வண்டிப்பெரியார்
கர்க்கடக (ஆடி) மழை, வெயிலே கண்ணில் படவில்லை. திண்ணையில் சாரல் அடிக்கிறதென்று தொட்டிகளை எல்லாம் உள்ளே கொண்டுவந்துவிட்டேன். இப்போது மஞ்சள் ஓரம் போட்ட ஸ்நேக் பிளான்டின் இலைகள் அடியில் கொழகொழத்து, தொட்டால் கையோடு வருகின்றன. நாற்றம் வேறு. மணிபிளான்டில் அடி இலைகள் மஞ்சளாகின்றன. மண்மேல் வெள்ளைப் பூஞ்சணம், சுற்றிலும் குட்டிக் கறுப்புப் பூச்சிகள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு டம்ளர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். மண், கடையில் வாங்கிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவை. உரம் போட்டால் தேறுமா?

குமுளி அக்கா
உரம் வேண்டாம் தங்கச்சி, தண்ணீரை நிறுத்துங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது வெயில் காலத்திலேயே ஸ்நேக் பிளான்டுக்கு அதிகம். இப்போது வெளிச்சமும் இல்லை, காற்றெல்லாம் ஈரம். செடி தண்ணீரை இழுக்காது, மண்ணும் காயாது. கோகோபீட் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பிழிந்தால் தண்ணீர் சொட்டும். வேருக்குக் காற்று கிடைக்காமல்தான் அழுகுகிறது. குளிர்மேல் பழி போடாதீர்கள். ஸ்நேக் பிளான்டுக்கு 10 டிகிரிக்குக் கீழே போனால்தான் ஆபத்து, ஆடியில் உங்கள் ஊரில் அவ்வளவு இறங்காது. நாள் கணக்கை விட்டுவிட்டு, ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம்.

செங்கோட்டை அண்ணாச்சி
தண்ணீரை நிறுத்தினால் மட்டும் அழுகல் நிற்காதும்மா. செடியைப் பிடுங்கி மண்ணை உதறுங்க. கொழகொழத்த இலை, கறுத்த வேர் எல்லாத்தையும் சுத்தமான கத்தியால் வெட்டுங்க. மண்ணுக்குள் இருக்கிற கிழங்கில் கெட்டியான துண்டு இருந்தால் அதைக் காப்பாற்றலாம். வெட்டிய இடத்தில் மஞ்சள்தூள் தடவி, மூணு நாலு நாள் நிழலில் காயவிட்டு, பாதிக்குப் பாதி ஆற்றுமணல் கலந்த மண்ணில் நடுங்க. இலையை வெட்டி நட்டாலும் வரும், ஆனால் புதுக்கன்று வெறும் பச்சையாகத்தான் வரும். மஞ்சள் ஓரம் வேணும்னா கிழங்குதான்.

மூணாறு தம்பி
அண்ணாச்சி சொன்னதேதான், ஆனால் மஞ்சள்தூளைப் பெரிதாக நம்ப வேண்டாம் அக்கா. வெட்டுவாய் காய்வதுதான் முக்கியம். அந்த வெள்ளைப் பூஞ்சணம் செடியை ஒன்றும் செய்யாது, மண்ணில் மக்குகிறதைத் தின்று வளர்வது. சுரண்டிப் போடுங்கள். பூச்சியின் புழு ஈரமான மேல்மண்ணில்தான் இருக்கும், அது காய்ந்தாலே குறையும். பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை போதும். உங்கள் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கிடைக்குமா என்று கேளுங்கள். புது மண்ணில் கலந்தால் அழுகல் பரவுவதைத் தடுக்கும், அழுகிய வேரை மீட்காது.

எஸ்டேட்காரி
நன்றி. பிடுங்கிப் பார்த்தேன், செடித்தொட்டியை உள்ளே வைத்திருந்த வெளித்தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. கிழங்கில் ஒரு துண்டு கெட்டியாக இருக்கிறது. விறகடுப்பு எரியும் அடுக்களையில் வைத்துக் காய வைக்கலாமா?

குமுளி அக்கா
வெட்டிய கிழங்கை வைக்கலாம், அடுப்பை விட்டுத் தள்ளி. செடிகளை வேண்டாம். அங்கே வெளிச்சம் கிடையாது, இலையில் கரி படியும். ஜன்னலோரம்தான் நல்லது. மணிபிளான்டில் நல்ல கொடியைக் கணுவுக்குக் கீழே வெட்டிப் பாட்டில் தண்ணீரில் போட்டு வையுங்கள், வேர்விடும். வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றாவிட்டால் டெங்கு கொசு வந்துவிடும். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டையும் கவிழ்த்துவிடுங்கள்.

செங்கோட்டை அண்ணாச்சி
இன்னொண்ணு. ஓணத்துக்கு வெயில் வந்ததும் எல்லாத்தையும் நேரா முற்றத்தில் தூக்கி வச்சிராதீங்க, இலை கருகிப்போகும். ஒரு வாரம் திண்ணை நிழலில் இருக்கட்டும், அப்புறம் காலை வெயில் மட்டும் காட்டுங்க.