புதுப்பிப்பு: அப்பாவின் மாத்திரையை ஜொகூர் பாருவில் வாங்கியாயிற்று

அப்பாவின் கொலஸ்ட்ரால் மாத்திரையை (அடோர்வாஸ்டாட்டின்) மலேசியாவின் ஜொகூர் பாருவில் வாங்கி சிங்கப்பூருக்குக் கொண்டுவரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் வாங்கிவிட்டோம். விலை நன்றாகவே குறைவு.

சிங்கப்பூர் மருந்துச் சீட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அடோர்வாஸ்டாட்டின் அங்கேயும் மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்துதான். ஜொகூரில் ஒரு கிளினிக்கில் பழைய சீட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் காட்டினோம். மருத்துவர் நிதானமாகப் பார்த்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தார். 2025 மே முதல் மலேசியத் தனியார் கிளினிக்குகளும் பார்மசிகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். அதனால் விலை கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்: ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண், பளபளக்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கர். இரண்டில் எது இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள்.

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை சிங்கப்பூருக்குள் கொண்டுவரலாம். தூக்க மாத்திரை, வலுவான வலி நிவாரணி என்றால் அப்படியில்லை. சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் (HSA) முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். அப்புறம், மாத்திரைகளைப் பெட்டியிலிருந்து பிரிக்காமல், சீட்டோடு சேர்த்தே எடுத்து வாருங்கள்.